அயர்லாந்துத் தேசியவாதமும் ஒன்றியவாதமும்: வர்க்கம், மதம், பண்பாடு (1791–1921)

அயர்லாந்து மக்களின் விடுதலைப் போராட்டம் பிரித்தானியப் பேரரசின் ஏனைய குடியேற்ற நாடுகளில் நீண்ட காலம் ஓர் ஆதர்சமாகக் கொள்ளப்பட்டு வந்தது. 1916 ஆம் ஆண்டிற் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் தொடக்கிய இயக்கம் 'ஹோம் ரூல்' என்ற தனது பெயரையே அயர்லாந்திலிருந்து பெற்றுக்கொண்டது. ஆயின் அச்சொல்லுக்கு அதன் தாயகத்திலே இன்னொரு வரலாறும் உண்டு. 1912 செப்டெம்பர் 28 ஆம் தேதி, அதே சுயாட்சியை எந்த வகையிலேனும் தடுப்போமென உறுதி பூணும் உடன்படிக்கையிலே அல்ஸ்ரர் மாகாணத்தைச் சேர்ந்த 2,37,368 ஆண்களும், அதற்கு இணையான பிரகடனத்திலே 2,34,046 பெண்களும் கையொப்பமிட்டனர். அவர்களுள் நிலப்பிரபுக்களும் ஆலை முதலாளிகளும் மாத்திரமன்றி, கப்பல் கட்டும் தொழிலாளரும் ஆலைகளில் நாள் முழுவதும் உழைத்த பெண்களும் இருந்தனர்.

உழைக்கும் மக்களுள் ஒரு பெரும் பகுதியினர் தமது நாட்டின் சுயாட்சியை எதிர்த்துத் தமது எசமானருடன் ஏன் அணிவகுத்தனர்? இவ்வினாவுக்கு வழக்கமாக இரண்டு விடைகள் கூறப்படுகின்றன. கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் இடையே நூற்றாண்டுகளாக நிலவிய பகைமையின் தொடர்ச்சியே இது என்பது ஒன்று. ஏகாதிபத்தியம் தனது நலனுக்காக மக்களை ஏமாற்றிப் பிரித்தது என்பது மற்றொன்று. முன்னையது மதத்தை வரலாற்றுக்கு அப்பாற்பட்ட ஒரு சக்தியாக்குகின்றது; பின்னையது, முற்போக்காளர் பலர் விரும்பி ஏற்பதாயினும், ஏமாற்றப்பட்டோர் ஏன் ஏமாறினர் என்பதை விளக்குவதில்லை. தேசியவாதமும் ஒன்றியவாதமும் ஒன்றையொன்று உருவாக்கி வளர்ந்த இரு வர்க்கக் கூட்டணிகள் என்பதும், இரண்டிலும் தலைமை சொத்துடைமை வர்க்கங்களின் கையிலேயே இருந்தமையே பிரிவினைக்கு வழிகோலியது என்பதும் இக்கட்டுரையில் நாம் நிறுவ முற்படும் கருத்துக்களாகும்.

1

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்ஸ்ரரில் ஸ்கொத்லாந்தரும் ஆங்கிலேயரும் திட்டமிட்டுக் குடியேற்றப்பட்டனர். குரொம்வெல்லின் படையெடுப்பும், 1690 இல் நிகழ்ந்த பொயின் நதிப் போரும் கத்தோலிக்கரின் நிலவுடைமையைத் தகர்த்தன. பின்வந்த தண்டனைச் சட்டங்கள் அவர்களது சொத்துரிமையையும் அரசியலுரிமையையும் பறித்தன. மதவேறுபாடு இவ்வாறு நிலவுடைமை வேறுபாட்டின் அடையாளமாயிற்று. அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் இறையியலன்று. அதனடியில் நிலம் இருந்தமையேயாம்.

எனினும் அவ்வடையாளம் மாற்ற முடியாததாக இருக்கவில்லை. 1791 ஒக்டோபரில் ஐக்கிய அயர்லாந்தியர் சங்கம் நிறுவப்பட்டது பெல்பாஸ்ற் நகரிலேயாகும். அதன் நிறுவனருட் பெரும்பாலோர் பிரெஸ்பிற்றேரிய வணிகரும் உற்பத்தியாளருமாவர். அவர்கள் புரட்டஸ்தாந்தராயினும் அரச திருச்சபையான அங்கிலிக்கன் சபைக்குத் தசமபாகம் செலுத்தவேண்டியிருந்தனர். பாராளுமன்றமோ நிலப்பிரபுக்களின் கையில் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் கருத்துக்கள் அவர்களிடையே வேரூன்றியதற்கு இதுவே சமூக அடிப்படை. கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர் என்ற பிரிவுகளுக்குப் பதிலாக அயர்லாந்தியர் என்ற பொதுப்பெயரை வுல்ப் ரோன் முன்வைத்தார். 1798 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் அன்ரிம் பகுதிப் போராளிகளுக்குத் தலைமை தாங்கித் தூக்கிலிடப்பட்ட ஹென்றி ஜோய் மக்கிறாக்கன் பெல்பாஸ்ற்றைச் சேர்ந்த பருத்தி உற்பத்தியாளர். அயர்லாந்தின் நவீன குடியரசுவாதம் புரட்டஸ்தாந்த வடக்கிலே பிறந்தது என்ற உண்மை, இருதரப்பு மதவாதிகளும் பின்னர் மறக்க விரும்பியதொன்றாகும்.

அதே தசாப்தத்தில், அதே மாகாணத்தில், 1795 இல் ஒறேஞ்சுச் சங்கம் தோன்றியது. அது பிறந்த ஆர்மா மாவட்டம் சனச்செறிவு மிக்கது. சிறு நிலத்தில் பயிரிட்டுக்கொண்டே லினன் நெய்யும் குடும்பங்கள் நிறைந்தது. நிலக்குத்தகைக்கும் நெசவுத் தொழிலுக்கும் கத்தோலிக்கர் போட்டியாளராக வந்தபோது, ஏழைப் புரட்டஸ்தாந்தர் தமது சிறிய மேன்நிலையைக் காக்கத் திரண்டனர். அவ்வமைப்பின் பயனை நிலப்பிரபுக்களும் அரசும் விரைவில் உணர்ந்துகொண்டன. கிளர்ச்சி தோற்றது. தெற்கே வெக்ஸ்பட் பகுதியிற் கிளர்ச்சியின்போது புரட்டஸ்தாந்தப் பொதுமக்கள் கொல்லப்பட்டமை வடக்கில் அச்சத்தை விதைத்தது. 1801 சனவரி முதலாம் தேதி ஒன்றியச் சட்டம் நடைமுறைக்கு வந்து, டப்ளின் பாராளுமன்றம் இல்லாதொழிந்தது.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேசிய இயக்கத்தின் சமூக உள்ளடக்கம் மாறிய விதம் நுணுகி நோக்கத்தக்கது. டானியல் ஓ'கொனல் ஏழை விவசாயிகளை மாதம் ஒரு பென்னி சந்தாவின் மூலம் திரட்டிக் கத்தோலிக்க விடுதலைக்கான மாபெரும் இயக்கத்தைக் கட்டியெழுப்பினார். 1829 இல் வெற்றி கிட்டியது. கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரும் உரிமை பெற்றனர். ஆயின் அதனோடிணைந்து நிறைவேறிய சட்டம், மாவட்டத் தொகுதிகளில் வாக்குரிமைக்கான சொத்துத் தகைமையை 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுணாக உயர்த்தியது. இயக்கத்தைத் தாங்கி நின்ற சிறு விவசாயிகள் தமது வாக்கை இழந்தனர்; கத்தோலிக்க வழக்கறிஞரும் வணிகரும் ஆசனம் பெற்றனர். பின்வந்த காலம் முழுவதற்கும் இந்நிகழ்வு ஒரு முன்னறிகுறியாக அமைந்தது.

1845 இல் தொடங்கிய பெரும் பஞ்சம் இம்மாற்றத்தைத் துரிதப்படுத்தியது. 1841 இல் ஏறத்தாழ 82 இலட்சமாக இருந்த சனத்தொகை 1851 இல் 66 இலட்சமாகவும், 1911 இல் 44 இலட்சமாகவும் வீழ்ந்தது. பஞ்ச காலத்தில் ஏறக்குறைய பத்து இலட்சம் மக்கள் மடிந்தனர். அதனிலும் கூடிய தொகையினர் நாட்டைவிட்டு வெளியேறினர். உருளைக்கிழங்கை மாத்திரமே நம்பியிருந்த மக்கள் பட்டினியால் இறந்தவேளையிலும் தானியமும் கால்நடைகளும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. பிரித்தானிய ஆட்சியின் மீதான வெறுப்பு மக்களின் நினைவில் ஆழப் பதிந்தது இக்காலத்திலேயே. ஆயின் பஞ்சம் எல்லா வகுப்பினரையும் ஒரே விதமாகத் தாக்கவில்லை. அழிந்தோர் பெரும்பாலும் நிலமற்ற கூலிகளும் துண்டு நிலக் குடிகளுமாவர். எஞ்சிய நிலங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டன. நடுத்தர விவசாயிகள், கால்நடை வளர்ப்போர், கடைக்காரர், குருமார் ஆகியோரே கிராமியச் சமூகத்தின் தலைவராயினர்.

1879 இல் மைக்கல் டேவிற், சாள்ஸ் ஸ்ருவேட் பார்னல் ஆகியோரின் தலைமையில் நிலக் கழகம் உருவாகியது. குடியெழுப்புதலை எதிர்த்து நடைபெற்ற இந்நிலப்போர் பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்தின் மிகப் பெரிய வெகுசனப் போராட்டமாகும். 1880 இல் மேயோ மாவட்டத்தில் பொய்கொட் என்ற நில முகவரை மக்கள் முற்றாக ஒதுக்கிவைத்தனர். பகிஷ்கரிப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு அவர் பெயரே மூலமாயிற்று. அவரது பயிரை அறுவடை செய்யக் கவன், மொனகன் பகுதிகளிலிருந்து ஐம்பது ஒறேஞ்சுத் தொழிலாளர் படைப் பாதுகாப்புடன் கொண்டுவரப்பட்டனர். இந்நிகழ்ச்சியை மட்டும் கூறி, மத அடிப்படையிலான பிளவு முழுமையானது என்பது பொருந்தாது. அதே காலத்தில் அல்ஸ்ரரின் புரட்டஸ்தாந்தக் குத்தகை விவசாயிகளும் நிலக் கழகக் கூட்டங்களுக்குச் சென்றனர். அவர்களது குறையும் குத்தகைப் பணமே. 1881 ஆம் ஆண்டு நிலச் சட்டம் நியாயமான குத்தகையையும் குடியிருப்புப் பாதுகாப்பையும் வழங்கியதும் அவர்கள் விலகிக்கொண்டனர். சுயாட்சியின்றியே தமது தேவை நிறைவேறும் என்பது அவர்களது அனுபவமாயிற்று.

நிலத்தைத் தேசவுடைமையாக்க வேண்டுமென்ற டேவிற்றின் கோரிக்கையைப் பார்னல் ஏற்கவில்லை. 1885 ஆம் ஆண்டுச் சட்டமும், குறிப்பாக 1903 ஆம் ஆண்டின் விண்டம் சட்டமும் அரச கடனுதவியுடன் குத்தகை விவசாயிகளை நிலவுடைமையாளராக்கின. நிலப்பிரபுத்துவம் கலைக்கப்பட்டது. ஆயின் கூலி விவசாயிக்கு அதில் அதிகம் கிட்டவில்லை. இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது தெற்கின் தேசிய இயக்கத்துக்கு முதுகெலும்பாக இருந்த வர்க்கம், தனது சமூகப் புரட்சியை ஏற்கனவே நிறைவேற்றிக்கொண்ட ஒரு வர்க்கம். அதற்கு அரசு வேண்டியிருந்தது. மேலுமொரு சமூக மாற்றம் வேண்டியிருக்கவில்லை.

3

வடகிழக்கின் வளர்ச்சி வேறு வழியிற் சென்றது. நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 20,000 மக்கள் வாழ்ந்த பெல்பாஸ்ற், 1911 இல் 3,87,000 மக்களைக் கொண்ட பெருநகராயிற்று. லினன் ஆலைகள், கயிற்றுத் தொழிற்சாலை, பொறியியற் பட்டறைகள், ஹாலன்ட் அன்ட் வுல்வ் நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளம் ஆகியவை அதனைக் கிளைட், மேர்சி நதிக்கரைத் தொழில்நகர்களின் உடன்பிறப்பாக்கின. 1911 மே மாதத்தில் டைட்டானிக் கப்பல் நீரில் இறக்கப்பட்டது இங்கேயாகும். இத்தொழில்களுக்கான மூலப்பொருளும் சந்தையும் பேரரசின் கடல்வழிகளைச் சார்ந்திருந்தன. 1905 இல் சின் பெயின் கொள்கையை முன்வைத்த ஆதர் கிறிபித், ஜேர்மனியப் பொருளியலாளர் பிறீட்றிக் லிஸ்ற்றைப் பின்பற்றிக் காப்புவரி மூலம் அயர்லாந்துக் கைத்தொழிலை வளர்க்கலாமென வாதித்தார். டப்ளினின் சிறு உற்பத்தியாளருக்கு அது நம்பிக்கை தந்தது. உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்த பெல்பாஸ்ற்றுக்கோ அது நாசமாகத் தோன்றியது. முதலாளித்துவத்தின் சமனற்ற வளர்ச்சி ஒரே தீவில் இரு வேறு பொருளாதார நலன்களைப் படைத்திருந்தது.

இந்நகரிற் குடியேறிய கத்தோலிக்கர் 1861 இல் மொத்தத்தில் மூன்றிலொரு பங்கினர்; 1911 இல் அவர்களது விகிதம் நாலிலொன்றாகக் குறைந்தது. கப்பற்றளத்தினதும் பொறியியற் பட்டறைகளினதும் தேர்ச்சி பெற்ற வேலைகள் பெரிதும் புரட்டஸ்தாந்தரிடமே இருந்தன. தொழில் பயிலுநராகச் சேரும் வாய்ப்பு உறவினர், அயலவர், ஒறேஞ்சு மண்டபத் தொடர்பு வழியாகவே கிட்டியது. கத்தோலிக்கர் துறைமுகக் கூலிகளாகவும் வண்டிக்காரராகவும், அவர்களது பெண்கள் ஆலைத் தொழிலாளராகவும் இருந்தனர். ஏங்கெல்சும் லெனினும் விளக்கிய 'தொழிலாளர் மேற்குடி' என்னும் கருத்து இங்கு ஓரளவுக்குப் பொருந்துவதே. ஆயின் அதனைப் பொறிமுறையாகப் பிரயோகித்தல் தவறு. லினன் ஆலைகளின் ஈரத்திலும் தூசியிலும் உழைத்த புரட்டஸ்தாந்தப் பெண்களுக்கு எந்த மேற்குடி வாழ்வும் கிட்டவில்லை, அவர்களும் கையொப்பமிட்டனர். மறுபுறத்தில் கப்பற்றளத்தின் தலைவரான பிரபு பிறி, தன் வர்க்க நலனுக்கு முரணாக, சுயாட்சியை ஆதரித்தார். பொருளாதார நலன் கருத்துநிலையாக உருமாறுவதற்குப் பல இடைநிலைகள் உண்டு.

1886 இல் கிளாட்ஸ்ரன் கொண்டுவந்த முதலாவது சுயாட்சி மசோதாவே அவ்வுருமாற்றத்தின் திருப்புமுனை. அதற்கு முந்திய ஆண்டுத் தேர்தலிற் பார்னலின் கட்சி 86 ஆசனங்களை வென்றிருந்தது. மசோதா 30 வாக்குகளால் தோற்றது. கன்சர்வேட்டிவ் கட்சியின் றன்டொல்ப் சேர்ச்சில், சுயாட்சியை வீழ்த்த ஒறேஞ்சுச் சங்கத்தையே துருப்புச்சீட்டாக ஆடவேண்டுமெனத் தனிக் கடிதமொன்றில் எழுதிவிட்டுப் பெல்பாஸ்ற் சென்று முழங்கினார். அவ்வாண்டுக் கோடையில் அந்நகரில் வெடித்த கலவரங்கள் பல உயிர்களைப் பலிகொண்டன. கப்பற்றள அதிபர்களான எட்வேட் ஹாலன்டும் கஸ்ராவ் வுல்வும் அடுத்தடுத்துப் பெல்பாஸ்ற் தொகுதிகளின் ஒன்றியவாத உறுப்பினராயினர். தொழிலாளி தன் எசமானருக்கு வாக்களித்தான். சீட்டை ஆடியவர்கள் லண்டனில் இருந்தனர் என்பது உண்மை. ஆயின் அச்சீட்டை அவர்கள் புதிதாக அச்சிடவில்லை.

4

இக்கட்டத்தில் தேசியவாதத்தின் பண்பாட்டு முகத்தை நோக்குதல் அவசியமாகின்றது. 1893 இல் டக்ளஸ் ஹைட், ஓயின் மக்னீல் ஆகியோர் கேலிக் கழகத்தை நிறுவினர். 1851 இல் அயர்லாந்து மொழியைப் பேசியோர் 15 இலட்சம். 1911 இல் 5,82,000 பேர் மாத்திரமே. பஞ்சத்தினால் மொழியின் மக்கள் அழிந்தனர். எஞ்சியோர் பிழைப்புக்காகவும் புலம்பெயர்வுக்காகவும் ஆங்கிலத்தை நாடினர். அதே மொழியை நகர்ப்புற எழுதுவினைஞரும் ஆசிரியரும் மாலை வகுப்புகளில் ஆர்வத்துடன் கற்றனர். இதில் முரண்பாடு இருப்பினும் போலித்தனம் இல்லை. பேரரசின் பண்பாட்டு மேலாதிக்கத்துக்கு எதிராகத் தன்மானத்தை மீட்கும் முயற்சி அது. கல்வி பெற்றும் உயர்பதவி கிட்டாத கீழ் மத்தியதர வர்க்கத்தினரின் ஆவேசமும் அதிற் கலந்திருந்தது.

இம்மறுமலர்ச்சியின் முன்னோடிகளுட் பலர் புரட்டஸ்தாந்தர் என்பது கருதத்தக்கது. ஹைட், யேற்ஸ், கிறெகறி சீமாட்டி, சிங் ஆகிய அனைவரும் அவ்வாறே. கலைந்துகொண்டிருந்த நிலவுடைமை வர்க்கத்தின் பண்பாட்டு வாரிசுகளான இவர்கள், அரசியலில் இழந்த இடத்தை இலக்கியத்திற் பெற விழைந்தனர். 1904 இல் அபே அரங்கு திறக்கப்பட்டது. 1907 சனவரியிற் சிங்கின் 'மேற்குலகின் விளையாட்டுவீரன்' நாடகம் மேடையேறியபோது அரங்கிற் கலகம் மூண்டது. மேற்குக் கிராமத்து விவசாயியைப் புனிதச் சின்னமாக்கியிருந்த தேசியவாதிகள், அவனைக் குற்றமும் காமமும் கற்பனையும் கொண்ட மனிதனாகக் காணச் சகிக்கவில்லை. ஆயின் சண்டையிட்ட இரு சாராரிடமும் ஒரு பொதுமை இருந்தது: இருவரது அயர்லாந்தும் மேற்குக் கரையின் கிராமமே. நாட்டின் மிகப் பெரிய கைத்தொழில் நகரின் ஆலைச் சங்கொலி அவ்விலக்கியத்திற் கேட்கவேயில்லை.

டி. பி. மொறன் போன்ற பத்திரிகையாளர் கேலிக் பண்பாட்டையும் கத்தோலிக்கத்தையும் பிரிக்கவியலாதவாறு பிணைத்தனர். 1908 இல் நடைமுறைக்கு வந்த பாப்பரசரின் கலப்புமணக் கட்டளை, கத்தோலிக்கக் குருவின் முன் நடவாத கலப்புமணங்களைத் திருச்சபை ஏற்காது என்றது. சுயாட்சி என்பது றோமாபுரியின் ஆட்சியே என்ற ஒன்றியவாதப் பிரசாரத்துக்கு அது வாய்ப்பான சான்றாயிற்று. பிரசாரம் மிகைப்படுத்தியது, ஆயின் ஒன்றுமில்லாததிலிருந்து அச்சத்தைப் படைக்கவில்லை.

ஒன்றியவாதமும் தனக்கென ஒரு பண்பாட்டைக் கட்டியெழுப்பியிருந்தது. யூலை 12 ஆம் தேதி ஊர்வலமும் பெரும் பறைகளும் பதாகைகளும் தொழிலாளிக்கு ஆண்டில் ஒரு நாள் நகரின் உரிமையாளன் என்ற உணர்வைத் தந்தன. 1912 ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு முன்மாதிரியாகப் பதினேழாம் நூற்றாண்டு ஸ்கொத்லாந்தின் மத உடன்படிக்கையே கொள்ளப்பட்டது. றட்யாட் கிப்ளிங் அவ்வாண்டிலேயே அல்ஸ்ரருக்காகக் கவிதை பாடினார். தேசியவாதம் பெல்பாஸ்ற் தொழிலாளிக்குத் தனது கதையில் இடமளிக்கவில்லை, ஒன்றியவாதம் அளித்தது. அவ்விடம் கீழ்ப்படிந்தவனின் இடமே. எனினும் அது ஓர் இடமாக இருந்தது.

5

வேறு வழி இருந்ததா? இருந்தது என்பதை 1907 காட்டுகின்றது. அவ்வாண்டு ஜேம்ஸ் லார்கின் பெல்பாஸ்ற் துறைமுகத் தொழிலாளரையும் வண்டிக்காரரையும் ஒன்றுதிரட்டினார். ஒறேஞ்சுச் சங்கத்திலிருந்து பிரிந்த சுதந்திர ஒறேஞ்சுச் சங்கத்தின் லின்ட்சே குறோபட் கத்தோலிக்கத் தொழிலாளருடன் ஒரே மேடையிற் பேசினார். பொலிசாரிடையே கலகம் தோன்றியது. வேலைநிறுத்தத்தின் மத்தியில் வந்த யூலை 12 அமைதியாகக் கழிந்தது. ஓகஸ்ற் மாதத்திற் கத்தோலிக்கர் வாழும் போல்ஸ் வீதியிற் படையினர் சுட்டு இருவரைக் கொன்றனர். வேலைநிறுத்தம் தோல்வியுற்றது, ஒற்றுமை நிறுவன வடிவம் பெறாமற் கலைந்தது.

1896 இல் டப்ளினில் அயர்லாந்துச் சோசலிசக் குடியரசுக் கட்சியை நிறுவிய ஜேம்ஸ் கொனொலி, 1910 இல் வெளியிட்ட 'அயர்லாந்து வரலாற்றிற் தொழிலாளர்' என்ற நூலில், தேசிய விடுதலையைச் சொத்துடைமை வர்க்கங்கள் ஒவ்வொரு கட்டத்திலும் கைவிட்டதைத் தெளிவுபடுத்தினார். 1911 இல் அவருக்கும் பெல்பாஸ்ற் தொழிற்சங்கத் தலைவர் வில்லியம் வோக்கருக்கும் இடையே கிளாஸ்கோ பத்திரிகையொன்றில் நடந்த விவாதம் முக்கியமானது. அயர்லாந்துக்குத் தனித் தொழிலாளர் கட்சி தேவை என்றார் கொனொலி. பிரித்தானியத் தொழிலாளருடனான இணைப்பே சர்வதேசியம் என்றார் வோக்கர். 1905 இடைத்தேர்தலில் வெற்றிக்கு அண்மையில் வந்த வோக்கர், புரட்டஸ்தாந்த மேன்மைக்கு உறுதி கேட்ட சங்கமொன்றின் வினாக்களுக்கு இணங்கி விடையளித்திருந்தார். அவரது சர்வதேசியத்தின் எல்லை அதுவே. ஆயின் கொனொலியின் நிலைப்பாட்டிலும் ஒரு குறையை நாம் காண்கின்றோம். சுயாட்சி வந்ததும் மதப்பிளவு கரைந்துபோகும் என அவர் நம்பினார். பிரித்தானியத் தொழிற்சங்கங்களிலும் ஏற்றுமதிச் சந்தையிலும் வேரூன்றிய ஒன்றியவாதத்தின் பொருளியல் உறுதியை அவர் குறைத்தே மதிப்பிட்டார்.

1913 இல் டப்ளினில் வர்க்கப் போர் வெளிப்படையாகவே மூண்டது. ட்ராம் நிறுவனத்தினதும் செய்திப் பத்திரிகையினதும் உரிமையாளரான வில்லியம் மார்ட்டின் மேர்பி கத்தோலிக்கர்; முன்னாள் தேசியவாதப் பாராளுமன்ற உறுப்பினர். அவர் தலைமையில் ஏறத்தாழ 400 முதலாளிகள், லார்கினின் சங்கத்தை விட்டு விலக மறுத்த 20,000 தொழிலாளருக்குக் கதவடைத்தனர். செப்டெம்பரில் வறியோர் குடியிருந்த கட்டடமொன்று இடிந்து எழுவர் மாண்டனர். பட்டினி கிடந்த குழந்தைகளை இங்கிலாந்துத் தொழிலாளர் இல்லங்களுக்கு அனுப்ப முயன்றபோது, அவர்களது மதநம்பிக்கை கெடுமெனக் கூறிப் பேராயர் எதிர்த்தார். கிறிபித்தும் வேலைநிறுத்தத்தை ஆதரிக்கவில்லை. 1914 தொடக்கத்திற் தொழிலாளர் தோற்றனர். கத்தோலிக்கத் தேசிய முதலாளி கத்தோலிக்கத் தொழிலாளியை எவ்வாறு நடத்துவான் என்பதைப் பெல்பாஸ்ற் தொழிலாளி பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்காலத்திற் தொழிலாளரின் குடிமக்கள் படையில் செயலாளராகப் பணியாற்றிய ஷோன் ஓகேசி, 1926 இல் மேடையேற்றிய 'கலப்பையும் நட்சத்திரங்களும்' நாடகத்தில் டப்ளின் சேரி வீடொன்றைச் சித்திரித்தார். அவ்வீட்டில் வாழும் பெஸி பேர்ஜஸ் ஒரு புரட்டஸ்தாந்த ஒன்றியவாதப் பெண். தன் அயலவரான புரட்சிக்காரனின் மனைவியைக் காக்க முயன்று துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாகின்றாள். அந்நாடகத்துக்கும் அரங்கிற் கலகம் மூண்டது. அரசியல் கூறத் தவறிய ஓர் உண்மையை, வறுமையின் கூரைக்குக் கீழ் வாழ்வோரின் அண்மையை, இலக்கியம் அவ்வேளையிற் கூறியது. ஆயின் அதுவும் பிரிவினைக்குப் பின்பே வந்தது.

6

1911 இல் பிரபுக்கள் சபையின் தடையதிகாரம் குறைக்கப்பட்டதும் சுயாட்சி நிச்சயமாயிற்று. 1912 யூலையிற் பெல்பாஸ்ற் கப்பற்றளங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கத்தோலிக்கத் தொழிலாளர் விரட்டப்பட்டனர். அவர்களுடன் சோசலிசவாதிகளும் தாராளவாதிகளுமான நூற்றுக்கணக்கான புரட்டஸ்தாந்தரும் விரட்டப்பட்டனர். ஒன்றியவாதக் கூட்டணியின் பிளவற்ற தோற்றம் எவ்வாறு பேணப்பட்டது என்பதற்கு இது சான்று. டப்ளின் வழக்கறிஞரான எட்வேட் கார்சனும், மதுவடிசாலை அதிபரின் மகனான ஜேம்ஸ் கிறேக்கும் தலைமை தாங்கினர். 1913 சனவரியில் அல்ஸ்ரர் தொண்டர் படை அமைக்கப்பட்டது. 1914 மார்ச்சிற் கறா முகாமின் இராணுவ அதிகாரிகள் அல்ஸ்ரருக்கு எதிராகச் செல்வதைவிடப் பதவி விலகத் தயாராயினர். ஏப்ரலில் லான் துறைமுகத்தில் ஏறக்குறைய 25,000 துப்பாக்கிகள் தடையின்றி இறக்கப்பட்டன. பாராளுமன்றப் பெரும்பான்மை தமக்கு எதிரானபோது ஆளும் வர்க்கத்தின் ஒரு பகுதி சட்டத்தை எவ்வளவு எளிதாகக் கைவிடும் என்பதை லெனின் அவ்வேளையிற் சுட்டிக்காட்டினார். கொனொலியோ, பிரிவினை ஏற்படின் எல்லையின் இருபுறமும் பிற்போக்கே கோலோச்சும், தொழிலாளர் இயக்கம் முடமாகும் என 1914 இல் எச்சரித்தார்.

1914 செப்டெம்பரிற் சுயாட்சிச் சட்டம் அரசரின் ஒப்புதல் பெற்று, யுத்தம் முடியும்வரை ஒத்திவைக்கப்பட்டது. ஜோன் றெட்மன்ட் அயர்லாந்து இளைஞரைப் பேரரசின் போருக்கு அழைத்தார். 1916 ஏப்ரல் 24 இல் டப்ளினிற் கிளர்ச்சி வெடித்தது. மே 12 இல் கொனொலி சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு யூலை முதலாம் தேதி சொம் போர்க்களத்தில் அல்ஸ்ரர் படைப்பிரிவினர் ஆயிரக்கணக்கில் வீழ்ந்தனர். இரு தரப்பினருக்கும் தத்தம் தியாகிகள் கிடைத்தனர்.

1918 டிசம்பர்த் தேர்தலில் 105 ஆசனங்களுட் சின் பெயின் 73 ஐயும் ஒன்றியவாதிகள் 26 ஐயும் பெற்றனர். தேசியக் கோரிக்கையின் ஒருமைப்பாட்டைக் காக்கவெனத் தொழிற் கட்சி போட்டியிடாது விலகி நின்றது. ஒன்றியவாதிகளோ தமக்கென ஒரு தொழிலாளர் சங்கத்தை அமைத்து, பெல்பாஸ்ற்றில் மூவரை அதன் பெயரால் வெற்றிபெறச் செய்தனர். தெற்கில் தொழிலாளர் இயக்கம் தேசியத்தின் பின்னே காத்துநின்றது. வடக்கில் அது ஒன்றியவாதத்தினுள் உள்வாங்கப்பட்டது.

1919 சனவரி 21 இல் டப்ளினில் அயர்லாந்தின் புதிய பேரவை கூடியது. தொழிற் கட்சித் தலைவர் தோமஸ் ஜோன்சன் வரைந்த சனநாயக வேலைத்திட்டம், கடுமையான பகுதிகள் நீக்கப்பட்ட பின்னரே அங்கு வாசிக்கப்பட்டது. நான்கு நாட்களின் பின், 25 ஆம் தேதி, பெல்பாஸ்ற்றில் வாரம் 44 மணிநேர வேலை கோரி பல்லாயிரம் பொறியியற் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பெரும்பாலும் புரட்டஸ்தாந்தரான அவர்கள் அமைத்த போராட்டக் குழுவுக்குத் தலைவராயிருந்த சாள்ஸ் மக்கே ஒரு கத்தோலிக்கர். மின்சார நிலையத்தையும் எரிவாயு நிலையத்தையும் இராணுவம் கைப்பற்றியதும் போராட்டம் முடிந்தது. ஒரே வாரத்தில் நூறு மைல் தூரத்தில் நிகழ்ந்த இவ்விரு எழுச்சிகளையும் இணைக்கவல்ல அமைப்பொன்று அயர்லாந்தில் இருக்கவில்லை. அடுத்த ஆண்டு யூலையிற் கப்பற்றளங்களிற் கத்தோலிக்கரும் சோசலிசவாதிகளும் மீண்டும் விரட்டப்பட்டனர்.

1920 ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசாங்கச் சட்டம் தீவைப் பிரித்தது. அல்ஸ்ரரின் ஒன்பது மாவட்டங்களிற் பெரும்பான்மை குறுகியதாகையால், ஒன்றியவாதத் தலைமை ஆறு மாவட்டங்களையே ஏற்றது. டொனிகோல், கவன், மொனகன் மாவட்டங்களில் உடன்படிக்கையிற் கையொப்பமிட்ட தம்மவரை அது கைவிட்டது. தேசியவாதப் பெரும்பான்மை கொண்ட தைறோன், பேர்மனா மாவட்டங்களைத் தன்னுடன் வைத்துக்கொண்டது. 1921 டிசம்பர் 6 இல் ஒப்பந்தம் கைச்சாத்தாகியது.

7

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளை நாம் பெறலாம். முதலாவதாக, ஒடுக்கப்பட்ட ஒரு தேசத்தின் எழுச்சியும், பேரரசுடன் பிணைந்திருந்த ஒரு கூட்டணியின் எதிர்ப்பும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவையல்ல. அயர்லாந்தின் தன்னாட்சிக் கோரிக்கை நியாயமானது. அதைத் துப்பாக்கிமுனையில் தடுத்தவர்களுக்கு லண்டனின் ஆதரவு இருந்தது. இரண்டாவதாக, அந்நியாயம் மாத்திரம் வடக்குத் தொழிலாளியை வென்றெடுக்கப் போதுமானதாக இருக்கவில்லை. நிலம் பெற்ற விவசாயி, கடைக்காரர், திருச்சபை ஆகியோர் தம் முகத்தையே தேசத்தின் முகமாக வரைந்தபோது, அதிற் தன்னைக் காண இயலாத ஒருவனை ஏமாந்தவன் என்று மட்டும் அழைத்தல் ஆராய்ச்சியாகாது.

ஆங்கிலத் தொழிலாளரின் ஆற்றலின்மைக்குக் காரணம் அயர்லாந்துத் தொழிலாளர் மீது அவர்கள் கொண்ட பகைமையே என மார்க்ஸ் 1870 இல் எழுதினார். அப்பகைமையை ஆளும் வர்க்கம் செயற்கையாகப் பேணியதையும் அவர் அறிந்திருந்தார். அதே பகைமை ஒரு நகரின் இரு தெருக்களுக்கிடையே எவ்வாறு இயங்கியது என்பதே பெல்பாஸ்ற்றின் வரலாறு. 1791 இலும் 1907 இலும் 1919 இலும் அது தளர்ந்தது. ஒவ்வொரு முறையும் வேலை, குத்தகை, உரிமை என்ற பொதுவான ஒரு குறையே அதைத் தளர்த்தியது. அத்தளர்ச்சிகள் நிலைக்காமற் போனமைக்கு ஏகாதிபத்தியத்தின் படைபலம் ஒரு காரணம். அவற்றைத் தேசிய விடுதலையின் உள்ளடக்கமாக்கத் தேசியத் தலைமை விரும்பாமையும், தொழிலாளர் இயக்கம் அதற்கெனத் தனித்து நிற்கத் துணியாமையும் மற்றைய காரணங்கள். தேசிய இனப் பிரச்சினையை ஆராயும் முற்போக்காளர் இவற்றுள் முதலாவதை மாத்திரம் கூறி அமைவது வழக்கம். ஏனைய இரண்டையும் அதே கண்டிப்புடன் ஆராய்தல் வேண்டும்.